மின்வில்லின் முன் நிற்பவருக்கு



தாய்நாட்டின் பல பகுதிகளிலும் பரந்து வாழும் தமிழ் மக்களில், இரும்பை இரும்போடு ஒட்டிப் பிழைப்போர் தொகை சிறிதன்று. திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவெறும்பூரில் 1960-களில் உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை தோன்றியது முதல், கொதிகலன் குழாய்களைப் பற்றவைப்பதில் கைதேர்ந்தவர்கள் என்ற பெயர் நம்மவர்க்கு உண்டு. 1975-இல் அதே இடத்தில் பற்றவைப்பு ஆராய்ச்சிக் கழகமும் நிறுவப்பட்டது. இன்று அனல் மின் நிலையங்களிலும், மும்பை, விசாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களின் கப்பல் பழுது பார்க்கும் தளங்களிலும், பாலம் கட்டும் இடங்களிலும், சாளரக் கம்பிகளும் இரும்புக் கதவுகளும் செய்யும் சந்துமுனைப் பட்டறைகளிலும் தமிழ்க் குரல் கேட்கிறது. அக்குரலுக்கு உரியவர்களிடந்தான் இன்று நான் பேச விரும்புகிறேன்.

நானும் அவ்வாறு ஊரை விட்டுச் சென்றவனே. 1978-ஆம் ஆண்டில், 19 வயதில், அப்போது பம்பாய் என்று வழங்கிய மும்பை மாநகரை அடைந்து, கப்பல் தளம் ஒன்றில் உதவியாளனாகச் சேர்ந்தேன். பற்றவைப்பாளனாகவும், பிறகு மேற்பார்வையாளனாகவும் 38 ஆண்டுகள் கழிந்தன. இப்பொழுது இளைஞர் சிலருக்குத் தொழில் கற்பித்து வருகிறேன். கற்பிக்கும்போது அவர்களிடம் முதல் நாள் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சுத்தியல் தவறி விரலில் விழுந்தால் அக்கணமே வலிக்கிறது. அடுத்த அடியில் கை தானாகவே எச்சரிக்கை கொள்கிறது. நம் முன்னோர் செய்த தொழில்களில் பெரும்பாலானவை இவ்வாறு வலியின் வாயிலாகவே பாதுகாப்பைக் கற்பித்தன. மின்வில் அப்படிக் கற்பிப்பதில்லை. பகலில் கண்ணைச் சுட்ட ஒளி நள்ளிரவில்தான் வலிக்கிறது. மாலையில் உட்கொண்ட புகை இரவில் காய்ச்சலாக வருகிறது. வேறொரு புகையோ பல ஆண்டுகள் கழித்து வருகிறது. மின்சாரமோ தொண்ணூற்றொன்பது முறை நம்மை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு, நூறாவது முறை விடுவதில்லை. ஆகவே, 'எனக்கு இதுவரை ஒன்றும் நேரவில்லையே' என்று பழைய தொழிலாளி கூறுவதை இத்தொழிலில் சான்றாகக் கொள்ள இயலாது.

மின்வில் என்பது யாது? பற்றவைக்கும் கோலின் முனைக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையே உள்ள சிறிய வெளியில் காற்று மின்னேற்றம் பெற்று, அதன் வழியே மின்னோட்டம் பாய்வதுதான். இருபது முப்பது வோல்ட் அழுத்தத்தில், நூறு இருநூறு ஆம்பியர் அளவில் அது பாய்கிறது. இரும்பு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் போதும்; மின்வில்லின் நடுவிலோ கதிரவனின் மேற்பரப்பை ஒத்த வெப்பம் நிலவுகிறது. பெனார்தோஸ் என்னும் ருஷ்யர் கரிக்கோல் கொண்டு 1880-களில் இதனைத் தொழிலாக்கினார். மருந்து பூசிய கோலுக்கு ஸ்வீடன் நாட்டு ஷெல்பெர்க் 1907-இல் காப்புரிமை பெற்றார். நம் பட்டறைகளில் 'ராடு' என்று வழங்கும் கோல் அந்தக் கோலின் வழிவந்ததே.

முதலில் ஒளியைப் பற்றிப் பேசுவோம்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள். மேஸ்திரி ஒட்ட, நான் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் முகத்திரை இருந்தது, என்னிடம் இல்லை. "அந்தப் பக்கம் பாரப்பா" என்றார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் தகடு சரியாக நிற்கிறதா என்று அவ்வப்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். மாலை வரை ஒரு தொல்லையும் இல்லை. எட்டுப் பேர் தங்கியிருந்த அறையில் உணவு உண்டு படுத்தேன். நள்ளிரவுக்குப் பின் இரு கண்களிலும் யாரோ மணலை அள்ளிப் போட்டுத் தேய்ப்பதுபோல் வலி எழுந்தது. கண்ணீர் நில்லாமல் பெருகியது. விளக்கை ஏற்றினால் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. கண் போயிற்று என்றே நம்பி அழுதேன். பக்கத்தில் படுத்திருந்த நாகர்கோவில்காரர் ஒருவர் எழுந்து, "இது எல்லாருக்கும் வருவதுதான் தம்பி" என்று ஆறுதல் கூறினார். அந்த ஆறுதல்தான், இப்போது எண்ணிப் பார்த்தால், எனக்கு வருத்தம் தருகிறது. எல்லாருக்கும் வர வேண்டியதில்லை அல்லவா?

மின்வில்லின் ஒளியில் நாம் காணும் வெளிச்சத்தோடு, காணாத புற ஊதாக் கதிர்களும் உள்ளன. கண்ணின் கருவிழிப் படலத்தை அவை சுடுகின்றன. வெயிலில் தோல் கருகுவது போன்றதே இதுவும். ஆயின் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை கழிந்த பின்னரே வலி தோன்றும். ஓரிரண்டு நாளில் பெரும்பாலும் தானே ஆறிவிடும். குளிர்ந்த தூய துணியை மூடிய கண்மேல் வைத்து, இருட்டறையில் ஓய்வு கொள்வதும், வலிக்குப் பாரசிட்டமால் மாத்திரை உண்பதும் போதுமானவை. இரண்டு நாளில் குறையாவிட்டாலும், பார்வை மங்கினாலும், கண்ணுக்குள் இரும்புத் துகள் புகுந்திருக்கும் என்ற ஐயம் எழுந்தாலும் மருத்துவரிடம் செல்வது இன்றியமையாதது. தாய்ப்பால் விடுவதும், உருளைக்கிழங்கைச் சீவிக் கண்ணில் ஒட்டுவதும், இலைச்சாறு பிழிவதும் நம்மவரிடமும் வடக்கத்தியரிடமும் உள்ள வழக்கங்கள். புண்பட்ட கண்ணில் தூய்மையற்ற பொருளைச் சேர்த்தால் சீழ் பிடிக்க இடமுண்டு. மருந்துக் கடையில் வலியை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கி விட்டுக்கொள்வது அதனினும் தீது. அது வலியை மறைக்கும். புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

வராமல் காப்பது எளிது. முகம் முழுவதையும் கழுத்தையும் மறைக்கும் முகத்திரையில், வேலைக்கு ஏற்ற எண்ணுள்ள கருங்கண்ணாடி வேண்டும். நூறு ஆம்பியர் அளவில் வேலை செய்வோருக்குப் பத்தாம் எண். இருநூறை நெருங்கினால் பதினொன்று அல்லது பன்னிரண்டு. வாயுவினால் இரும்பை வெட்டுவோர் அணியும் கண்ணாடி பெரும்பாலும் ஐந்தாம் எண் அளவினது. மின்வில்லுக்கு அது போதவே போதாது. கடைத்தெருவில் விற்கும் கறுப்புக் கண்ணாடியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அது ஒளியை மட்டும் குறைத்து, 'இனிப் பார்க்கலாம்' என்ற பொய்த் துணிவைத் தருகிறது. இக்காலத்தில் தானே கருக்கும் முகத்திரைகள் வந்துள்ளன. வில் தோன்றியதும் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் அவை கருத்துவிடுகின்றன. நல்ல கருவியே, எனினும் வேலை தொடங்குமுன் வெயிலை நோக்கிப் பிடித்து, அது கருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

உதவியாளருக்கும் ஒரு முகத்திரை வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். பற்றவைப்பவர் தம்மைக் காத்துக்கொள்கிறார். பிடித்துக்கொண்டு நிற்பவன்தான் சுடப்படுகிறான். அவன் பெரும்பாலும் ஊரிலிருந்து அழைத்து வந்த தம்பியாகவோ மைத்துனனாகவோ இருப்பான். வெள்ளையடித்த சுவரும், பளபளக்கும் அலுமினியமும் துருவேறா எஃகும் கதிர்களைத் திருப்பி அனுப்பும் என்பதால், முதுகைக் காட்டி நிற்பதுகூட முழுக்காப்பு அன்று. தெருவோரப் பட்டறையாயின், வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்காக ஒரு தட்டியோ திரையோ கட்டிவிடுதல் நம் கடமை.

இனி மின்சாரம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசப் போகிறேன்; ஏனெனில் கண் வலி ஆறும், இது ஆறாது.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதற்கு எல்லோரும் அஞ்சுகிறோம். பற்றவைக்கும் பொறியிலிருந்து வருவது, வில் எரியாமல் சும்மா இருக்கும் நேரத்தில், எழுபது எண்பது வோல்ட். 'இது என்ன செய்யும்?' என்ற அலட்சியம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உலர்ந்த கையால் தொட்டால் சிறு சுருக்கென்று விட்டுவிடுகிறது என்பதும் உண்மையே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலர்ந்த தோல் மின்சாரத்திற்குப் பல ஆயிரம் ஓம் தடை தருகிறது. வியர்வையில் ஊறிய உடலில் அத்தடை ஏறத்தாழ ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். எண்பதை ஆயிரத்தால் வகுத்தால் 80 மில்லி ஆம்பியர். மாறுதிசை மின்னோட்டம் பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் அளவில் ஓடும்போதே, பிடித்த கை பிடியை விட முடியாமல் இறுகிவிடுகிறது. ஐம்பதைத் தாண்டிய ஓட்டம் சில வினாடிகள் மார்பின் வழியே சென்றால், இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலைந்து உயிர் போகலாம். எண்பது வோல்ட் மாறவில்லை. மாறியது நம் உடலே.

1983-ஆம் ஆண்டு ஜூன் மாதம். மேற்குக் கடற்கரையில் மழை இறங்குவதற்கு முன்னுள்ள நாட்களின் புழுக்கத்தை அங்கே வாழ்பவர்கள் அறிவார்கள். பழைய கப்பல் ஒன்றின் அடித்தட்டில், நீர் நிரப்பும் அறைக்குள் வேலை. ஆள் நிமிர்ந்து உட்காரவும் இடமில்லாத இரும்புப் பெட்டி அது. திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர் உள்ளே இறங்கியிருந்தார், வயது 24. முதுகு ஒரு தகட்டில், முழங்கால் மற்றொரு தகட்டில். சட்டை பிழிந்தால் நீர் சொட்டும் நிலை. கையுறையும் நனைந்துவிட்டது. ராடு மாற்றும்போது விரலுக்குப் பிடிப்பு வேண்டும் என்று வலக்கை உறையைக் கழற்றி வைத்திருந்தார். ஹோல்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புதிய ராடை எடுத்திருக்க வேண்டும். அப்பழக்கம் எங்கள் அனைவரிடமும் இருந்தது. மேலே வாயிலருகே பொறியின் விசையைக் காத்து நிற்க வேண்டியவர் தேநீர் வாங்கி வரச் சென்றிருந்தார். அழைத்துப் பதில் வராமற் போன பின்னரே நாங்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறங்கினோம்.

பொறியில் யாதொரு கோளாறும் இல்லை என்று விசாரணையில் முடிவாயிற்று. அம்முடிவு சரியானதே. கம்பி அறுந்திருக்கவில்லை, ஹோல்டரின் பிடி மட்டும் ஓரிடத்தில் உடைந்திருந்தது, அவ்வாறு உடைந்த ஹோல்டர்கள் அத்தளத்தில் இன்னும் பல இருந்தன. ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அவருடைய அன்னைக்கு நான் அதை எழுதினேன். அதற்குமேல் அதைப் பற்றி வானொலியில் சொல்ல விரும்பவில்லை.

அன்று நாங்கள் செய்யாதவற்றைச் சொல்கிறேன். ஹோல்டரின் உறை உடைந்திருந்தால் அன்றே அதை மாற்ற வேண்டும். நாடா சுற்றிக் காலம் தள்ளக் கூடாது. ராடு மாற்றும்போதும் உலர்ந்த உறை கையில் இருக்க வேண்டும். வியர்க்கும் காலத்தில் மூன்று இணை கையுறைகளை வைத்துக்கொண்டு, நனைந்ததை வெயிலில் இட்டு மாற்றி மாற்றி அணியலாம். உட்காரும் இடத்திலும் சாயும் இடத்திலும் உலர்ந்த மரப்பலகையோ இரப்பர் விரிப்போ இருந்தால், உடலுக்கும் இரும்புக்கும் தொடர்பு அறுகிறது. ஹோல்டரை ஒருபோதும் கக்கத்தில் இடுக்கவோ தோளில் தொங்கவிடவோ கூடாது. குறுகிய இடங்களில் நேர்மின்னோட்டப் பொறியைப் பயன்படுத்துவது மேல். வில் எரியாதபோது அழுத்தத்தைத் தானே குறைத்துவிடும் துணைக்கருவி பொருத்திய பொறிகளும் கிடைக்கின்றன. தொட்டிக்குள் ஒருவர் இருக்கும் வரை, வெளியே விசையருகே ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். தேநீர் அவரைத் தேடி வரட்டும்.

பொறிக்குத் திரும்பிச் செல்லும் கம்பியை நம்மவர் 'எர்த்' என்கின்றனர். அப்பெயர் ஒரு குழப்பத்தை வளர்க்கிறது. பொறியின் உடலை மண்ணோடு இணைக்கும் பாதுகாப்புக் கம்பி வேறு. வேலை மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி வேறு. இரண்டும் வேண்டும். திரும்பு கம்பிக்குப் பதிலாகத் துருப்பிடித்த கம்பிகளையும் சட்டங்களையும் வரிசையாகத் தரையில் போட்டு வேலையை முடித்துக்கொள்வதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அப்பொழுது மின்னோட்டம் தனக்கு எளிதான வழியைத் தானே தேடிக்கொள்ளும். பாரந்தூக்கியின் எஃகு வடத்தின் வழியே ஓடி வடத்தை உள்ளுக்குள் கருக்கும். உருளைத் தாங்கிகளைப் பழுதாக்கும். சில வேளை அருகில் ஈரத்தரையில் நிற்கும் மற்றொருவரின் உடல் வழியே செல்லும். கவ்வியை, ஒட்டும் இடத்துக்கு இயன்ற அளவு அருகில், துருவைச் சுரண்டிய இரும்பின்மேல் இறுகப் பொருத்துங்கள்.

ஒருவர் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால், அவரைத் தொடுவதற்கு முன் விசையை நிறுத்த வேண்டும். நிறுத்த வழியில்லையேல் உலர்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்க வேண்டும். பின்பு அவருக்கு மூச்சு இல்லையாயின், மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குல ஆழம் அமுங்குமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்திக்கொண்டே இருங்கள். மற்றொருவர் 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் உதவி கேட்கட்டும். இந்தியா முழுவதற்கும் உரிய அவசர உதவி எண் அது. 1983-இல் எங்களுள் எவரும் மார்பை அழுத்தும் முறையைக் கற்றிருக்கவில்லை.

மூன்றாவது, புகை. துத்தநாகம் பூசிய குழாயை, அதாவது நாம் ஜி.ஐ. குழாய் என்பதை, அப்படியே வைத்து ஒட்டினால் வெண்புகை எழும். அதை உட்கொண்டவருக்கு நான்கு முதல் பத்து மணி நேரத்திற்குள் வாயில் உலோகச் சுவையும், குளிர் நடுக்கமும், காய்ச்சலும், உடல் வலியும் தோன்றும். மலேரியா என்றெண்ணி மருந்து வாங்கி உண்பவர்கள் உண்டு. ஓரிரு நாளில் தணியும். நாள்தோறும் அப்புகையில் இருப்பவர்க்கு உடல் பழகினாற்போல் காய்ச்சல் குறையும். ஞாயிறு ஓய்வெடுத்துத் திங்களன்று சென்றால் மீண்டும் வரும். ஆகையால் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே ஒரு பெயருண்டு. ஒட்டும் இடத்தின் இருபுறமும் பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டு வேலை தொடங்கினால் இத்தொல்லை பெரிதும் குறையும். காட்மியம் பூசிய உறுப்புகளில் மட்டும் தெரிந்தும் தீயை வைக்க வேண்டா. அப்புகை உயிரையே மாய்க்க வல்லது. குளோரின் கலந்த திரவத்தால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த இரும்பையும், திரவம் முற்றிலும் உலராமல் ஒட்டக் கூடாது. மின்வில்லின் அருகே அதன் ஆவி பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறலாம். அதன் கேடும் சில மணி நேரம் மறைந்திருந்தே வெளிப்படும்.

வட இந்தியப் பட்டறைகளில் வேலை முடிந்ததும் வெல்லக் கட்டி ஒன்றைக் கையில் தருவார்கள். சில இடங்களில் பால் தருவார்கள். "அண்ணே, வெல்லம் தின்றால் நெஞ்சிலுள்ள புகையெல்லாம் இறங்கிவிடுமாமே" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். வெல்லம் வயிற்றுக்குச் செல்கிறது தம்பி, புகை நுரையீரலுக்குச் செல்கிறது. இரண்டும் வழியில் சந்திப்பதில்லை என்றேன். கொடுக்கும் வெல்லத்தை வேண்டாமென்று சொல்ல வேண்டியதில்லை. அது அன்போடு தரப்படுவது. அதையே காப்பாக எண்ணுவதுதான் தவறு. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வதும் அத்தகையதே. பற்றவைப்புப் புகையின் துகள்கள் துணியின் இழைகளுக்கிடையே எளிதில் நுழைந்துவிடும் அளவுக்கு நுண்ணியவை.

உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் அறிஞர் குழுவொன்றைக் கூட்டி ஆராய்ந்து, பற்றவைப்புப் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலைப் புகையும் அவ்வகுப்பில்தான் இருக்கிறது. இதைக் கேட்டு அஞ்சித் தொழிலை விட்டுவிட வேண்டும் என்பதன்று என் கருத்து. புகை நேராக மேலெழுகிறது. அந்தத் தூணுக்குள் முகத்தை நீட்டாமல், சற்றே பக்கவாட்டில் அமர்ந்து வேலை செய்யப் பழகினால், செலவில்லாமலே பெரும்பகுதி விலகிப்போகும். காற்று பக்கவாட்டிலிருந்து வருமாறு நிற்கலாம். மூடிய இடங்களில் புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் வேண்டும். அது இல்லாத இடத்தில் தகுந்த வடிகட்டி முகமூடியாவது வேண்டும். துருவேறா எஃகில் வேலை செய்வோர் இதில் இருமடங்கு கருத்தாக இருத்தல் வேண்டும். அதன் புகையில் குரோமியம் கலந்துள்ளது.

ஆர்கான் வாயுவைப் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல். அதற்கு மணமில்லை, நிறமில்லை, காற்றைவிடக் கனமானது. குழிக்குள்ளும் தொட்டியின் அடியிலும் நீர்போல் தேங்கி, பிராணவாயுவை வெளியே தள்ளிவிடும். இறங்குபவர் மூச்சுத் திணறுவதைக்கூட உணராமல் விழுந்துவிடலாம். காப்பாற்ற இறங்குபவரும் அவர்மேல் விழுவார். இதற்கு நேர்மாறான அறியாமை, புழுக்கம் தீர உருளையிலிருந்து ஆக்ஸிஜனைத் தொட்டிக்குள் திறந்துவிடுவது. அக்காற்றில் உடுத்த துணி ஒரே பொறியில் பற்றி எரியும்.

தீயைப் பற்றி அனைவரும் அறிவீர்கள் என்பதால் நீட்டவில்லை. ஆயினும் காலிப் பீப்பாயை மட்டும் விட்டுச்செல்ல மனமில்லை. டீசலோ பெட்ரோலோ வண்ணமோ இருந்த 200 லிட்டர் பீப்பாயை நீள வெட்டித் தொட்டியாக்கித் தரும்படி கேட்டு வருபவர் எல்லா ஊரிலும் உண்டு. நிறைந்த பீப்பாயைவிட வெறும் பீப்பாய் கொடியது. உள்ளே திரவம் இல்லை, காற்றோடு கலந்த ஆவி இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 37-ஆம் பிரிவில், அத்தகைய கலங்களை எரிபொருளும் ஆவியும் நீங்கச் செய்த பின்னரே பற்றவைக்கலாம் என்று விதித்திருந்தது. அச்சட்டத்தின் இடத்தை 2020-இல் இயற்றப்பட்ட புதிய தொகுப்புச் சட்டத்துக்கு அளித்திருக்கிறார்கள். பீப்பாயின் இயல்பு மாறவில்லை. நீராவியாலோ வெந்நீராலோ நன்கு கழுவி, வாய் திறந்திருக்க, ஒட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்பிக்கொண்டு வேலை செய்வது பழைய முறை. அதற்கும் நேரமில்லை என்பவரிடம், வேலையை வேறெங்கேனும் கொண்டு செல்லுமாறு கூறிவிடுங்கள்.

பொறிகள் பத்து மீட்டர் தொலைவுக்கும் தெறிக்கும். சுவரின் பிளவிலும் தரையின் துளையிலும் நுழையும். ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் விமான நிலையத்தில் 1996 ஏப்ரல் 11 அன்று, கட்டடத்தின் மேலே செல்லும் சாலையில் பற்றவைப்பு நடந்தபோது, கீழ்க் கூரைக்குள் இருந்த நுரைப்பலகையில் தீப்பற்றி 17 பேர் மாண்டனர். மேலே வேலை செய்தவர்களுக்குக் கீழே பற்றியது தெரிந்திருக்கவில்லை. வேலை முடிந்தபின் அரை மணி நேரமாவது, இயன்றால் ஒரு மணி நேரம், அவ்விடத்தையும் அதன் கீழ்த்தளத்தையும் ஒருவர் பார்த்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

உடையைப் பொறுத்தவரை, பருத்தித் துணி, மூடிய தோற்காலணி, தோல் மேலுடை, காலணியின்மேல் விழும் காற்சட்டை, இவ்வளவே. நைலான் கலந்த துணி உருகித் தோலோடு ஒட்டும். சட்டைப்பையில் தீப்பெட்டி வேண்டா.

இனி, பிற மாநிலத்தில் இருப்பவர்கள் என்ற முறையில் உங்களுக்கே உரிய ஓர் அபாயத்தைச் சொல்ல வேண்டும். எச்சரிக்கைப் பலகை நமக்குத் தெரியாத எழுத்தில் இருக்கிறது. கூவி எச்சரிப்பவர் நமக்குத் தெரியாத மொழியில் கூவுகிறார். ஒத்த ஒலியுள்ள சொற்கள் ஏமாற்றவும் செய்யும். மராட்டியத்தில் 'தோகா' என்றால் அபாயம். ஏறக்குறைய அதே ஒலியுடைய இந்திச் சொல்லுக்கு ஏமாற்று என்று பொருள். விசாகப்பட்டினத்தில் பலகையொன்றில் இருந்ததை நண்பர் படித்துச் சொல்ல, 'பிரமாதம்' என்பது காதில் விழுந்து மகிழ்ந்து நின்ற தமிழ்ப் பையனை நானே பார்த்திருக்கிறேன். தெலுங்கில் அச்சொல்லுக்கு ஆபத்து என்பது பொருள். சிரித்துக்கொண்டேதான் அவனை இழுத்து நிறுத்தினேன். ஆயினும் அவனுக்குப் பின்னால் பாரந்தூக்கி ஆடிக்கொண்டிருந்தது.

புதிய ஊரில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் உணவு வாங்கவும் பேருந்து ஏறவும் வேண்டிய சொற்களை முதல் வாரத்திலேயே கற்றுவிடுகிறார்கள். அவற்றோடு நான்கு சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தி வழங்கும் இடங்களில் 'பந்த் கரோ' என்றால் நிறுத்து. 'ஹடோ' என்றால் விலகு. 'ஆக்' என்றால் தீ. 'கத்ரா' என்றால் ஆபத்து. மும்பையில் 'தாம்பா' என்றால் நில். நீங்கள் கற்பது போலவே, உங்களோடு வேலை செய்யும் பீகார்க்காரருக்கும் ஒடியர்க்கும் 'நிறுத்து' என்ற தமிழ்ச்சொல்லைக் கற்பித்து வையுங்கள். பதற்றத்தில் வாயிலிருந்து எழுவது தாய்மொழிதான்.

கையுறைக்கும் முகத்திரைக்கும் கூலியிலிருந்து பணம் பிடிக்கும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்புக்கென்று செய்யப்படும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டத்தின் நிலை. ஊர்க்காரர்தானே, அண்ணன்தானே என்று கூச்சப்பட்டு ஒருவரும் கேட்பதில்லை. நாளைக் காலை வேலை தொடங்குமுன் உங்கள் ஹோல்டரின் பிடியை வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். விரிசல் இருந்தால், புதியது ஒன்று வேண்டும் என்று கேளுங்கள்.